சிவப்புக் கோடு போட்ட பெயர்

சனிக்கிழமை காலை பத்து நாற்பது. மெஸ் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தேன். பதினொரு மணிக்கு மதியச் சமையலுக்கு அரிசி அளந்து கொடுக்க வேண்டும். அதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அதனால்தான் அந்த நேரம் இன்றும் மறக்கவில்லை.

"ஏனுங்க, பவானியில இருந்து பேசறனுங்க. தாரணியோட அம்மா. ரூம் நம்பர் எரநூத்திப் பதினாலு. நேத்து சாயந்தரத்துல இருந்து புள்ள போன எடுக்கவே இல்லீங்க. இப்ப சுவிட்ச் ஆஃப்னு வருதுங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

மேசைமேல் மெஸ் பதிவேடு திறந்தே கிடந்தது. விரலை வைத்து வரிசையில் இறங்கினேன். தாரணி, இரண்டாம் ஆண்டு, 214. பெயரை ஒட்டிச் சிவப்புக் கோடு.

"மெஸ் கட் போட்டிருக்குதுங்கம்மா. ஊருக்குக் கிளம்பிட்டா."

"ஊருக்குங்களா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்களே."

"நாலு நாள் லீவு விட்டிருக்குதுங்க. பாதி ஹாஸ்டல் காலி. காலையில பஸ் ஏறியிருப்பா. போன்ல சார்ஜ் இருக்காது. மத்தியானத்துக்குள்ள வந்துருவா பாருங்க."

"செரிங்க. நீங்க சொன்னாச் செரிங்க. நான் பஸ் ஸ்டேண்டுல போயி நின்னுக்கறேன்."

போனை வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போய் அரிசி அளந்தேன். நான் பேசிய மேசைக்கு இரண்டு மாடி மேலே, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தாரணி தரையில் கிடந்தாள். அது எனக்குத் தெரிய இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் முப்பத்திரண்டு வருடம் மெஸ் சூப்பர்வைசராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது என் நாற்காலியில் சங்கீதா இருக்கிறாள். சென்ற வாரம் போன் செய்தாள். பதிவேட்டை எடுத்துவிடப் போகிறார்களாம். வாசலில் விரல் வைத்தால் கம்ப்யூட்டரே எண்ணிக்கொள்ளுமாம்.

"மேடம், சொந்தமாச் சமைச்சுச் சாப்பிடற புள்ளைங்க பேரையும் லிஸ்ட்ல வச்சே ஆகணும்னு நீங்க எழுதி ஒட்டியிருக்கீங்க. கம்ப்யூட்டர்காரர் எதுக்குன்னு கேக்கறாருங்க. மெஸ்ல சாப்பிடாதவங்க பேரு மெஸ் லிஸ்ட்ல எதுக்குங்க மேடம்?"

போனில் சொல்லப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுதான் இது.

கேட்டரிங் படித்துவிட்டு இருபத்தாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் கற்றதெல்லாம் அரிசி, பருப்பு அளவுதான். பத்துப் பேருக்கு எவ்வளவு, நானூறு பேருக்கு எவ்வளவு, மழை பெய்தால் எவ்வளவு கூடும், பரீட்சை நாளில் எவ்வளவு குறையும். அந்தக் கணக்கு ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிட்டது. பதிவேடு அப்படியல்ல. அது வேலைக்கு நடுவே நானே உருவாக்கிக்கொண்ட பழக்கம்.

நீளமான நோட்டு. ஒரு மாணவிக்கு ஒரு வரி. ஒரு நாளைக்கு மூன்று கட்டம். மெஸ் வாசலில் நானே நீலப் பேனாவுடன் நிற்பேன். தட்டு எடுத்தவளுக்கு ஒரு டிக். வராதவளுக்குக் கட்டம் காலி. ஒரு வேளை காலியாக இருந்தால் விட்டுவிடுவேன். தூக்கமாக இருக்கும், பிஸ்கட்டாக இருக்கும். தொடர்ந்து இரண்டு வேளை காலியாக இருந்தால் ஆயா மாடி ஏறிப் பார்த்து வர வேண்டும். யாரும் சொல்லித் தந்த விதியல்ல. நிர்வாகத்துக்கு அது தெரியவும் தெரியாது.

ஒருமுறை கொடுமுடிப் பெண் ஒருத்திக்கு இரண்டு கட்டம் காலி. ஆயா போய் வந்து "பசிக்கலையாமுங்க" என்றார். ஏதோ உறுத்தியது. நானே ஏறிப் போய் ஜன்னல் திரையை விலக்கினேன். கண் இரண்டும் மஞ்சள். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பல வருடம் கழித்துக் கல்யாணப் பத்திரிகையுடன் வந்தவள், "அன்னைக்கு நீங்க மாடி ஏறி வரலீன்னா" என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். மூன்று நாளுக்கு மேல் ஊருக்குப் போகும் மாணவி முன்கூட்டியே கடிதம் தந்தால், அந்த நாட்களுக்கு அவளுக்குச் சமைக்க வேண்டியதில்லை. அதுதான் மெஸ் கட். அவள் வரியில் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு இழுப்போம். அரிசி அளக்கும்போது சிவப்பை எல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணினால் போதும். சிவப்பு என்றால் ஆள் விடுதியில் இல்லை. முப்பது வருடம் அதற்கு வேறு பொருள் இருந்ததில்லை.

பிறகு ஒரு புதுத் திட்டம் வந்தது. மெஸ் சாப்பாடு எல்லோருக்கும் கட்டாயம் என்பதை மாற்ற வேண்டும் என்று மாணவிகள் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. மாடிக்கு ஒரு சிறிய சமையலறை, இரண்டு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு சிங்க். ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் தேதிக்குள் படிவம் தர வேண்டும். அடுத்த மாதம் மெஸ்ஸா, சொந்தச் சமையலா என்று அவர்களே முடிவு செய்யலாம்.

முதல் மாதமே நாற்பது பேருக்கு மேல் மெஸ்ஸை விட்டு விலகினார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. ஒவ்வொரு படிவமும் என் சாம்பாரைப் பற்றிய தீர்ப்பு போல இருந்தது. ஆனாலும் சாயங்காலம் அந்தச் சமையலறைப் பக்கம் போனால் சிரிக்காமல் வர முடியாது. இரண்டு பேர் குக்கர் முன்னால் நின்று விசில் எண்ணுவார்கள். ஒருத்தி மூன்று என்பாள், இன்னொருத்தி நாலு என்பாள். ஒருநாள் ஒருத்தி கரண்டியுடன் என் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"மேடம், உப்பு ஜாஸ்தியாயிருச்சுங்க. என்ன பண்றது?"

"ஒரு உருளைக்கெழங்கு வெட்டிப் போடு அம்மணி. இழுத்துக்கும்."

"உருளைக்கெழங்குப் பொரியல்லதாங்க மேடம் உப்பு ஜாஸ்தி."

தாரணி மூன்றாவது மாதம் படிவம் கொண்டு வந்தாள். ஒல்லியான பெண். அப்பா இல்லை. அம்மாவுக்குப் பவானியில் ஜமக்காளக் குடோனில் மடிப்பு வேலை. மெஸ்ஸில் கை கழுவும் இடத்தை ஒட்டிய மேசையில்தான் எப்போதும் உட்காருவாள். அங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள், தண்ணீர் தெறிக்கும். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'சமைக்கக் கற்றுக்கொள்ள' என்று எழுதியிருந்தாள்.

"ஏன் அம்மணி, நம்ம சாப்பாடு புடிக்கலையா?"

"சாப்பாடு நல்லாத்தாங்க மேடம் இருக்குது."

"அப்புறம் என்ன?"

"நானூறு பேருக்கு நடுவுல தனியா உக்காந்து சாப்பிடறதுக்கு, ரூம்லயே தனியாச் சாப்பிட்டுக்கலாமுங்க மேடம்."

அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இப்படி விலகியவர்களைப் பதிவேட்டில் எப்படிக் குறிப்பது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் முடிவு செய்தேன். மாதத்தின் ஒன்றாம் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை சிவப்புக் கோடு. அரிசி அளப்பவளுக்கு ஊருக்குப் போனவளும் ஒன்றுதான், ரூமில் சமைப்பவளும் ஒன்றுதான். இருவருக்கும் உலை வைக்க வேண்டியதில்லை. அப்போது அதில் எந்தத் தவறும் தெரியவில்லை. வேலை சுலபமாயிற்று என்றுகூட நினைத்தேன்.

கடைசிப் பத்து வருடம் எங்களுக்கு வார்டனாக இருந்தவர் ஒரு இயற்பியல் பேராசிரியை. குரலை உயர்த்திப் பேச மாட்டார். மெஸ் ஆபீசில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நின்றபடியே கேட்பார், நின்றபடியே போய்விடுவார். எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்விதான். "தண்ணித் தொட்டி கழுவியாச்சுங்க மேடம்" என்றால், "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்பார். கேட்டேன் என்றால், "செரி, பாத்துப்போட்டு வந்து சொல்லுங்க" என்று நின்றுகொண்டே இருப்பார். போய்ப் பார்த்து வரும்வரை நகர மாட்டார். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். தலைமைச் சமையல்காரர் ராமசாமியிடம் ரசத்துக்கு உப்புப் போட்டாயிற்றா என்று நான் கேட்டால், அவர் வார்டன் மேடம் மாதிரியே கண்ணாடியைக் கழற்றுவது போலப் பாவனை செய்து, "பாத்தேனுங்களா, கேட்டேனுங்களா, எனக்கே தெரியலீங்க" என்பார். சமையற்கட்டே சிரிக்கும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் இருநூறு பேருக்கும் குறைவாகவே சாப்பிட்டார்கள். பன்னிரண்டரை மணிக்கு, மாடி கூட்டுகிற சரோஜா வந்து நின்றாள்.

"மேடம், ரெண்டாம் மாடிச் சமையல் ரூம்ல ஒரு குக்கர் கெடக்குதுங்க. உள்ள தக்காளிச் சோறு. கெட்டு நாறுதுங்க."

"கழுவாமப் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டாளுங்க பாரு. எடுத்துக் கொட்டிப்போட்டுக் கவுத்து வையி."

எந்தப் பெண்ணுடைய குக்கர் என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் தாரணி சமைத்த சோறு அது. சாப்பிட்டது போக மிச்சத்தை அப்படியே விட்டுவைத்து, வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டிருக்கிறாள். மிஞ்சிய சோற்றைக் குக்கருக்குள்ளேயே மூடி வைக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ரூமில் கூட இருந்தவள் லீவு விட்டதும் அன்னூருக்குப் போய்விட்டாள்.

நாலு இருபதுக்கு வார்டன் மேடம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"தாரணிங்கற புள்ளையோட அம்மா எனக்குப் போன் பண்ணினாங்க. அவ இன்னும் ஊடு போய்ச் சேரலையாமா. கிளம்பிட்டான்னு நீங்க சொன்னீங்களாமா. பாத்தீங்களா, கேட்டீங்களா?"

நான் பதிலுக்குப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்தார்.

"இது ஒண்ணாந்தேதியில இருந்து இருக்குதுங்களே. லீவு நேத்துத்தானே விட்டோம்?"

அவருடைய அந்தக் கேள்விக்கு மூன்றாவதாக ஒரு பதிலும் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. படித்தேன். நானே இழுத்த கோட்டை நானே தப்பாகப் படித்துவிட்டு, ஒரு தாயிடம் உன் மகள் புறப்பட்டுவிட்டாள் என்று சொல்லியிருக்கிறேன்.

மாடிப்படி ஏறியது நினைவில்லை. 214 உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினோம். கூப்பிட்டோம். பக்கத்து ரூமிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கதவுக்கு மேல் இருந்த காற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் கட்டில் மட்டும் தெரிந்தது. பிறகு கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாதம். வாட்ச்மேன் கடப்பாரையால் தாழ்ப்பாளை நெம்பி எடுத்தார். அறை முழுக்க வாந்தி நாற்றம். உதடு வெடித்து வெளுத்திருந்தது. கன்னத்தைத் தட்டினேன். இமை அசைந்தது, திறக்கவில்லை. மணி நாலு நாற்பது.

ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர் சின்ன வயதுக்காரர். "உடம்புல தண்ணியே இல்லீங்க. கிட்னி பாதிக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்குத் தாண்டட்டும்" என்றார். எத்தனை மணி நேரமாக இப்படி இருக்கிறாள் என்று கேட்டார். வார்டன் மேடம் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை என்றேன். முப்பது வருடத்தில் ஒரு மாணவி எப்போது கடைசியாகச் சாப்பிட்டாள் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாமல் போனது அன்று ஒருநாள்தான்.

வார்டன் மேடம் உள்ளே போனார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் என் மகள் ஞாபகம் வந்தது.

அனு என் ஒரே பிள்ளை. அவள் அப்பா இறந்த பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அப்போது புனேயில் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்த மாதம்தான் மெஸ்ஸை விட்டிருந்தாள். "ரொட்டியாத் தின்னு நாக்கு செத்துப்போச்சும்மா, நானே பொங்கிக்கறேன்" என்றபோது, நல்லதுதான் கண்ணு, கத்துக்கோ என்று நானே பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பெஞ்சில் இருந்தபடி அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. அவள் விடுதி ஆபீஸ் எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். ஒரு ஆண் எடுத்தார். பெயர் சொன்னேன், காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். அவர் பெயர் மெஸ் பட்டியலில் இல்லை மேடம், வெளியூர் போயிருப்பார்.

காலையில் நான் சொன்ன அதே பதில். இத்தனை அக்கறையில்லாமலா நானும் சொன்னேன் என்று யோசித்தேன். இல்லை, அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் சொன்னேன்.

இருபது நிமிடம் கழித்து அனுவே கூப்பிட்டாள். லைப்ரரியில் இருந்தாளாம், போன் சத்தமில்லாமல் கிடந்ததாம். "என்னம்மா, ஏன் அழறே?" என்றாள். ஒன்றுமில்லை, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

இப்போது அவள் வேலையில் இருக்கிறாள், வேறு ஊர், தனி அறை. நான் வீட்டில் ஒருத்திக்கு அரிசி போடுகிறேன். நானூறு பேருக்கு அளந்த கைக்கு ஒரு ஆளுக்கு அளக்க இன்னும் சரியாக வரவில்லை. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து அனுப்பு என்று அனுவிடம் சொல்லியிருக்கிறேன். "அட்டெண்டன்ஸ் எடுக்கறயாம்மா? ப்ரெசன்ட் மேடம்" என்பாள். ஒருநாள் முந்தைய நாள் படத்தையே திரும்ப அனுப்பிவிட்டாள். ஸ்பூன் கிடந்த கோணத்தில் கண்டுபிடித்தேன். சண்டை போட்டோம். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஆனால் படம் வராத அன்று நான் சாப்பிடுவதில்லை.

தாரணி பிழைத்தாள். அந்த வாரம் முழுவதும் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு படிப்பையும் முடித்தாள். பிறகு ஒருநாள் அவளாகவே சொன்னாள்: கீழே மெஸ் பெல் அடித்தது கேட்டதாம். தட்டுகள் சத்தம், பேச்சுச் சத்தம், எல்லாம் கேட்டதாம். கத்தக் குரல் வரவில்லையாம். அத்தனை பேர் சாப்பிட்டுவிட்டுப் போகும்வரை கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள்.

அடுத்த மாதத்திலிருந்து சொந்தமாகச் சமைக்கிறவர்களுக்குப் பச்சைக் கோடு போட்டேன். அவர்களும் நாளுக்கு ஒருமுறை மெஸ் வாசலுக்கு வந்து முகம் காட்டி டிக் வாங்க வேண்டும். "சாப்பிடாததுக்கெல்லாம் அட்டெண்டன்ஸுங்களா மேடம்?" என்று முனகினார்கள். முனகட்டும் என்று விட்டேன். சமைக்கக் கற்றுக்கொள்ளட்டும், நல்லதுதான். மெஸ் சாப்பாடு வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்காக அவர்களைத் தேடாமல் இருக்க நமக்கு உரிமை இல்லை. சங்கீதா, கம்ப்யூட்டர்காரரிடம் நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான். காலிக் கட்டத்தைப் பார்த்து மாடி ஏறலாம். கட்டமே இல்லாதவளுக்காக யாரும் ஏற மாட்டார்கள்.

அன்றைய சாயங்காலத்தில் ஒன்றை மட்டும் இன்னும் எழுதவில்லை. எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன்.

ஏழு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தாரணியின் அம்மா வந்தார். நாலு மணிக்கே மனசு கேட்காமல் கோவை பஸ் ஏறிவிட்டாராம். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்ற செய்தி பாதி வழியில்தான் அவருக்குப் போயிருக்கிறது. என்னைவிட வயதில் சின்னவர். வேலைக்குப் போகிற சேலையிலேயே இருந்தார். தோளில் நூல் தூசி. நேராக உள்ளே போனார். கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தேன். மகளின் நெற்றியைத் தொட்டார். டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். வெளியே வந்து வார்டன் மேடத்தைக் கடந்து என் முன்னால் நின்றார். நான் எழுந்தேன்.

"காலையில போன்ல பேசுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் போலப் பேசினார்.

"பன்னெண்டு மணிக்கெல்லாம் பவானி பஸ் ஸ்டேண்டுக்குப் போயிட்டனுங்க. கோயமுத்தூர் பஸ் ஒவ்வொண்ணா வந்துச்சுங்க. எறங்கறவங்களையெல்லாம் பாத்துட்டே நின்னேன். இதுல வரலீன்னா அடுத்ததுல வருவான்னு நின்னேன். பக்கத்துல டீக்கடைக்காரரு, போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிப்போடலாமுங்கன்னாரு. நாந்தான் வேண்டாமுன்னேன். எம்புள்ள அடிக்கடி சொல்லுவாளுங்க, மெஸ்ல ஒரு மேடம் இருக்கறாங்கம்மா, ஒருத்தி ரெண்டு வேளை சாப்புடலீன்னாக் கண்டுபுடிச்சு ரூமுக்கே வந்துருவாங்கன்னு. அவங்களே சொல்லிப்போட்டாங்க, அப்புறம் என்னன்னு நெனச்சேன். அதனாலதானுங்க நான் தேடல."